பூட்டின பாங்கின் கேஷியர்

பாங்கு உத்தியோகத்தில் இரண்டு வகை உண்டு: பாங்கு திறந்திருக்கும்போது பார்க்கிற வேலை ஒன்று, பாங்கைப் பூட்டிய பிறகு பார்க்கிற வேலை இன்னொன்று. முதலாவதில் சம்பளம் குறைவு, மரியாதை உண்டு. இரண்டாவதில் சம்பளம் அதைவிடக் குறைவு, மரியாதையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. நான் இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பாங்கு சின்னது. தலைமை ஆபீஸ் கிருஷ்ணகிரியில், நான் இருந்தது அதில்தான், ஒரு கிளை ஓசூரில், இன்னொரு கிளை எல்லையைத் தாண்டி மைசூர் ராஜ்யத்தில். பெயர் வேண்டாம். சொன்னால் இன்றைக்கும் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் யாராவது என் சட்டையைப் பிடிக்கக்கூடும். மேலே யாரோ செய்த காரியத்துக்குக் கவுண்டரில் உட்கார்ந்து வசவு வாங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ரேஷன் கடையில் எடை போட்டவர்கள், பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர்கள், தாலுகா ஆபீஸில் 'நாளைக்கு வா' என்று சொல்லச் சொல்லப்பட்டவர்கள். நான் சொல்லப்போவது உங்களுக்குச் சட்டென்று புரியும்.

போர்டில் ஒரு பொடி எழுத்து வரி

பாங்கு வாசலில் பெரிய போர்டு ஒன்று. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில், 'சர்க்கார் பாங்கிச் சட்டப்படி நடத்தப்படுவது' என்று ஒரு வரி. பெயிண்டர் முதலில் அந்த வரியை விட்டுவிட்டாராம். சேர்மன் ஆளைத் திரும்பக் கூப்பிட்டு எழுத வைத்தார் என்று சொல்வார்கள். சேர்மன் என்றால் எங்கள் பாங்கின் தலைவர். பஸ் முதலாளி. வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புகளும், கிருஷ்ணகிரியில் ஒரு எண்ணெய் மில்லும் அவருக்கு உண்டு. எந்தச் சரக்கு விலை போகும் என்று தெரிந்த மனிதர்.

அணைக்கு நிலம் கொடுத்த குடியானவர்களுக்கு நஷ்ட ஈடு வந்துகொண்டிருந்தது. மாரப்பக் கவுண்டர் என்று ஒருவர், ஒல்லியாக, உயரமாக இருப்பார். பணத்தைத் துண்டில் முடிந்து, அந்தத் துண்டை வயிற்றோடு சுற்றி, அதன் மேல் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நிலம் போன இடத்துக்குப் பதிலாகக் கல்லாவிப் பக்கம் ஒரு புன்செய்க் காடு பார்த்து அச்சாரம் கொடுத்திருந்தார். கிரயம் முடிய நாலைந்து மாசம் ஆகும், அதுவரை பணம் பத்திரமாக இருக்க வேண்டும். "இது சர்க்கார் பாங்குங்களா?" என்று கேட்டார். எங்கள் மானேஜர் ராமச்சந்திர ராவ் (அந்தக் காலத்தில் மானேஜரை ஏஜெண்ட் என்போம்) பொய் சொல்லத் தெரியாதவர். "சர்க்கார் பாங்கு இல்லை கவுண்டரே. தனியார் பாங்குதான். ஆனா சர்க்கார் சட்டம் போட்டு, ஆள் அனுப்பிக் கணக்குப் பார்க்கிறது" என்றார்.

மாரப்பக் கவுண்டர் வாசல் போர்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்க வராது. ஆனாலும் பார்த்தார். பிறகு சட்டையைத் தூக்கித் துண்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "நெலத்தை எடுத்துக்கிட்டதும் சர்க்காருதான், பணத்துக்குக் காவல் நிக்கறதும் சர்க்காருதான்னா, அப்பறம் எனக்கென்னாங்க பயம்? எண்ணிக்குங்க."

பம்பாயிலிருந்து வந்தவர்

பாங்குகளை மேற்பார்க்கிற ஆபீஸ் பம்பாயில் இருந்தது. எங்கள் வாயில் அதற்குப் பெயரே 'பம்பாய்'தான். பம்பாய் கேட்கிறது, பம்பாய்க்கு அனுப்பியாச்சா, பம்பாய் சும்மா விடாது. ஒரு நாள் பம்பாயே நேரில் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வயசானவர் இல்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் காபி பிளாஸ்க். எங்கள் காபியைக் கூடக் குடிக்க மாட்டேன் என்று தானே கொண்டுவந்திருந்தார். சேர்மன் அனுப்பின மாம்பழக் கூடை வாசலிலேயே இரண்டு நாள் இருந்து அழுகியது. இப்படி ஒரு மனிதரைப் பார்த்ததும் எனக்கு ஒரே பெருமை. நம்மைக் காக்க வந்தவர் இவர், யாரிடமும் விலை போக மாட்டார் என்று நினைத்தேன்.

கடன் கணக்குகளை அவர் பார்க்கப் பார்க்க அவர் முகம் கறுத்தது. பாங்கு கொடுத்திருந்த கடனில் பெரும்பகுதி சேர்மனின் பஸ்களுக்கும், மில்லுக்கும், சேர்மனின் மைத்துனருக்கும் போயிருந்தது என்று ராவ் என்னிடம் பிறகு சொன்னார். அப்போது எனக்கு அது தெரியாது. கேஷியருக்குத் தெரிவதெல்லாம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உள்ளதுதான். ஆனால் என் பயம் எனக்கு. அந்தக் காலத்தில் பாங்கில் கேஷியர் வேலைக்குச் சேர வேண்டுமானால் அதே பாங்கில் ரொக்க ஜாமீன் கட்ட வேண்டும். என் மனைவியின் வளையல்களை விற்றுக் கட்டியிருந்தேன்.

அவர் கிளம்புகிற அன்று, பெட்டியை பஸ் ஸ்டாண்டுவரை தூக்கிக்கொண்டு போனேன். "சார், எங்க பாங்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டது காதில் விழவில்லை என்று நினைத்தேன். பஸ் வந்து, ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகு மெல்லச் சொன்னார்: "நான் பார்த்ததை வெளியே சொன்னா அது குற்றம், சட்டம் அப்படி. உங்க ஜாமீன் பணத்தையும் இங்கேயேவா கட்டியிருக்கீங்க?"

மார்கழிக் கல்யாணம்

அந்தக் கேள்வியோடு நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல. ஜாமீன் திரும்ப வேண்டுமானால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் இரண்டு குழந்தைகளுக்குச் சோறு? ராஜிநாமாக் கடிதம் எழுதி, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஆபீஸ் போய் வந்தேன். ராவிடம் கேட்டேன். "பம்பாய் அவகாசம் கொடுத்திருக்கு. சேர்மன் கடனையெல்லாம் திருப்பிக் கட்டிச் சரிபண்ணணும். அதுவரை ரிப்போர்ட் ரகசியம். வெளியே தெரிஞ்சா ஜனங்க பயந்துடுவாங்களாம்" என்றார். அவர் சொன்னபோது அது நியாயமாகத்தான் பட்டது.

ரகசியம் என்றால் யாருக்கு ரகசியம் என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது. சேர்மனின் தங்கை ஓசூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்து, தவணை முடியாத டெப்பாசிட்டை வட்டி போனாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் கல்யாணமாம். அடுத்த வாரம் மைத்துனர் வீட்டிலிருந்து, பிறகு மில்லில் பங்குள்ள ஒருவர். எல்லாருக்கும் கல்யாணம். அதே நாட்களில் இந்தப் பக்கம் அணை நஷ்ட ஈட்டுக்காரர்கள் வரிசையாக வந்து பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கவுண்டரில் வாங்கின நோட்டு, உடனே அடுத்த கவுண்டர் வழியாகக் காருக்குப் போயிற்று. பியூன் முனியப்பன் கார்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் கூண்டுக்கு வெளியே நின்று தலையைச் சொறிந்தான்: "நானும் பாத்துக்கினே இருக்கேன் சார், மார்கழி மாசத்துல இத்தனை கல்யாணமா பண்ணுவாங்க பெரிய மனுசங்க?"

நம்முடைய நன்மைக்காக

உத்தரவு சந்தை நாளில் வந்தது. வேறு நாளில் வந்திருந்தால் இத்தனை பேர் ஒரே நேரத்தில் வாசலில் நின்றிருக்க மாட்டார்கள். அவகாசம் முடிந்தது, சேர்மன் ஒரு காசும் திருப்பிக் கட்டவில்லை, பம்பாய் விழித்துக்கொண்டது. இனி பாங்கு யாருக்கும் பணம் கொடுக்கக் கூடாது. கதவில் ஒட்டின காகிதம் இங்கிலீஷில் இருந்தது. வாசலில் நின்ற கூட்டத்தில் தமிழ் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர் எல்லாரும் இருந்தார்கள். இங்கிலீஷ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ராவ் நாற்காலியை விட்டு எழவில்லை. என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார்கள்.

நான் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று தமிழில் சொன்னேன். முதல் வரியே 'டெப்பாசிட்தாரர்களின் நலனை முன்னிட்டு' என்றுதான் ஆரம்பித்தது. அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. கூட்டத்தில் இருந்த வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரர் கிருஷ்ணப்ப நாயுடு, காது மந்தமோ என்னவோ, கையைக் காதில் குவித்துக்கொண்டு "மன மஞ்சிகேனா?" என்று கேட்டார். நம்முடைய நன்மைக்கா என்கிறார். "ஆமாங்க, அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன். யாரும் கல் எறியவில்லை. எறிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நாயுடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படித் தமிழில் சொன்னார்: "நம்ம நல்லதுக்கே இப்பிடிப் பண்றாங்கன்னா, நம்மளக் கெடுக்கணும்னு நெனச்சிருந்தா என்னா பண்ணியிருப்பாங்களோ, சாமி!"

தமுக்கு

ஓசூரில் எங்கள் கிளைக்கு எதிர்ச்சாரியில் இன்னொரு சின்ன பாங்கு இருந்தது. அதில் ஒரு தப்பும் இல்லை. நேர்மையான ஆட்கள், சொந்தக்காரனுக்குக் கடன் கொடுக்காதவர்கள். அங்கே கேஷியர் சீனிவாசன் எனக்கு நண்பன். எங்கள் கிளையை மூட உதவிக்கு என்னை ஓசூருக்கு அனுப்பியிருந்தார்கள். நாங்கள் இங்கே பூட்டைத் தொங்கவிடுவதை அவன் அங்கே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் இரண்டு நாள் அவன் பாங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தைக்காரர்களும் பூந்தோட்டக்காரர்களும் வழக்கம்போல் வந்து போனார்கள்.

மூன்றாம் நாள் சர்க்கார் தரப்பில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். மற்ற பாங்குகள் எல்லாம் திடமாக இருக்கின்றன, ஜனங்கள் பீதி அடைய வேண்டாம் என்று ஊர் முழுக்கத் தமுக்கு அடித்தார்கள். தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. தமுக்குக்காரன் தெருமுனையைத் திரும்புவதற்குள் சீனிவாசன் பாங்கு வாசலில் கூட்டம். அவன் நோட்டுக்கட்டுகளை வெளியே தெரிகிற மாதிரி மேஜையில் அடுக்கி, சிரித்துச் சிரித்துப் பணம் கொடுத்தான். நாலு நாள் தாக்குப்பிடித்தது. பிறகு ஒரு பெரிய பாங்கு வந்து அதை அப்படியே விழுங்கிக்கொண்டது. டெப்பாசிட்தாரர்களுக்கு நஷ்டமில்லை. சீனிவாசனுக்கு மட்டும் வேலை போயிற்று.

வரிசையில் நின்ற ஒரு ரோஜாத் தோட்டக்காரரை நான் கேட்டேன். எனக்குத் தெரிந்தவர், விவரமானவர். இந்தப் பாங்கு நல்ல பாங்கு, நானே சொல்கிறேன், ஏன் எடுக்கிறீர்கள் என்றேன். அவர் வரிசையை விட்டு நகராமல் பதில் சொன்னார்: "பயப்படாதீங்கன்னு சர்க்காரே தமுக்கடிச்சுச் சொல்ற அளவுக்கு ஆயிப்போச்சுன்னா, நான் எப்பிடிங்க பயப்படாம இருக்கறது?"

பெயிண்ட் மட்டும் புதுசு

பிறகு கோர்ட்டு மூலமாக லிக்விடேட்டர் வந்தார். கவிழ்ந்த பாங்குக்கு வர வேண்டியதை வசூல் பண்ணி, கொடுக்க வேண்டியவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. சாவு வீட்டில் சாமான் கணக்கெடுக்க வருகிறவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னையும் முனியப்பனையும் பாதிச் சம்பளத்தில் வைத்துக்கொண்டார். ராவை வேண்டாம் என்றுவிட்டார். முதல் வேலையாக சேர்மனின் பஸ்களைப் பிடிக்க வேண்டும், அவை பாங்குக்கு ஈடு. ஆனால் உத்தரவு வருகிற வாரத்திலேயே பஸ்கள் எல்லையைத் தாண்டி மைசூர் பக்கம் போய், மைத்துனர் பெயருக்கு மாறிவிட்டிருந்தன. ஜப்திக்கு முன்னால் நோட்டீஸைச் சொந்தக்காரர் ஊரிலேயே கொடுக்க வேண்டுமாம், மைத்துனர் ஊருக்கு என்னை அனுப்பினார்கள்.

ஓசூரிலிருந்து அந்த ஊருக்குப் போக இருந்ததே அந்த பஸ்தான். ஜப்தி நோட்டீஸை மடியில் வைத்துக்கொண்டு, ஜப்தி பண்ண வேண்டிய பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்தேன். அங்கே போய்ச் சேர்ந்தால், கிராமக் கணக்கு பார்க்கிற ஷானுபோகர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மதராஸ் காகத, இல்லி நடெயோல்ல" என்றார். மதராஸ் காகிதம் இங்கே செல்லாது, பெங்களூரில் ஒரு உத்தரவு வாங்கி வா என்று அர்த்தம். குடிக்க மோர் கொடுத்தார், நல்ல மனிதர். சட்டம் சேர்மனின் பஸ்ஸைப் போல் எல்லையைத் தாண்டாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெங்களூர் உத்தரவு வருவதற்குள் பஸ்களில் பாதி இரும்பு விலைக்குப் போய்விட்டன.

போகும்போது நடந்த ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். கண்டக்டர் எனக்குத் தெரிந்த பையன்தான், முன்பெல்லாம் தினசரி வசூலை என் கவுண்டரில் கட்டியவன். என் மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். இது நம்ம சேர்மன் பஸ்தானே என்றேன். அவன் பையிலிருந்து டிக்கெட் கட்டை எடுத்தபடி சொன்னான்: "பஸ்ஸு அதே பஸ்ஸுதாங்க, பெயிண்ட் மட்டும்தான் புதுசு. எங்க எறங்கறீங்க, சில்லறையாக் குடுங்க."

அபராதம்

சேர்மன்மேல் கேஸ் நடந்தது. தன் கம்பெனிகளுக்கே கடன் கொடுத்துக்கொண்டது பற்றி அவருடைய வக்கீல் ஒரு மணி நேரம் பேசினார். ஈடு வைத்துக் கொடுத்த கடனைச் சட்டம் தடுக்கவில்லையாம். பஸ் ஈடு, மில் ஈடு, தோப்பு ஈடு. அந்த ஈடுகள் இப்போது எங்கே என்பது இந்தக் கேஸில் வராதாம். கடைசியில் நிரூபணமானது, பம்பாய்க்கு அனுப்ப வேண்டிய சில கணக்குகளை அவர் தாமதமாக அனுப்பினார் என்பது மட்டும்தான். அதற்கு ஒரு அபராதம். அதை அங்கேயே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டு, காரில் ஏறிப் போனார். கோர்ட்டு வாசல் வேப்ப மரத்தடியில் நாங்கள் ஒரு இருபது முப்பது பேர் நின்றிருந்தோம். கார் கிளப்பிய புழுதியைத் துண்டால் தட்டிவிட்டார் கிருஷ்ணப்ப நாயுடு. பிறகு சொன்னார்: "இவரு பஸ்ஸுல பீடி புடிச்சான்னு என் மருமவனுக்கு இதைவிட அதிகமா அபராதம் போட்டாங்கப்பா."

நான்தான் நான்

சட்டத்தில் நல்லதும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சின்னக் கணக்குக்காரர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி. அதைப் படித்தபோது நான் உண்மையில் சந்தோஷப்பட்டேன். எங்கள் சின்னக் கணக்குக்காரர்கள் யார்? அணையில் கல் சுமந்த பெண்கள், மண் வெட்டினவர்கள், ரோடு போட்டவர்கள். கூலி வாங்குகிற அன்று கொஞ்சம் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போவார்கள். திம்மக்கா என்று ஒருத்தி, கூட்டத்திலேயே உரக்கப் பேசுகிறவள், பணம் கட்டும்போது மட்டும் குரலைத் தணித்துக்கொள்வாள். புருஷன் காதில் விழுந்துவிடக் கூடாதாம். அவளுக்குச் சேர வேண்டியது அவளுக்கு முதலில் வரும் என்று நானே முனியப்பனை விட்டுச் சொல்லி அனுப்பினேன்.

வந்தாள். கணக்கில் பெயர் 'திம்மி' என்று இருந்தது. கூலிப் பதிவான மஸ்டரில் எழுதின மேஸ்திரி அப்படித்தான் கூப்பிடுவான், அவளும் அப்படியே சொல்லிக் கணக்கு ஆரம்பித்திருந்தாள். கிராமத்தில் கொடுத்த சான்றில் திம்மக்கா. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று முத்திரைக் காகிதத்தில் பிரமாணம் எழுதி, சேலத்தில் அதிகாரி ஒருவர் முன்னால் கைநாட்டு வைக்க வேண்டும். மேஸ்திரி அணை வேலை முடிந்து எங்கோ போய்விட்டான். நான் லிக்விடேட்டரிடம் போய், இவள் கையிலிருந்து நானே வாரா வாரம் பணம் வாங்கியிருக்கிறேன், இவள்தான் அவள், நான் சாட்சி என்றேன். அவர் கோபப்படவில்லை. "உங்களை நம்பறேன். கோர்ட்டு நம்பாது. நாளைக்கு இன்னொரு திம்மி வந்தா நீங்க கொடுப்பீங்களா?" என்றார். அவர் கேட்டதும் சரிதான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். யாரைக் கேட்டாலும் சரியாகத்தான் பேசினார்கள்.

முத்திரைக் காகிதம், எழுத்துக் கூலி, சேலம் போய்வர பஸ் சார்ஜ், இரண்டு நாள் கூலி நஷ்டம் எல்லாவற்றையும் நான் சொல்லச் சொல்ல அவள் விரல் மடக்கிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் மடக்குவதை நிறுத்திவிட்டாள், அவள் கணக்கில் இருந்ததே அவ்வளவுதான். முத்திரைக் காகிதத்தை நான் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். இந்தத் தடவை குரலைத் தணிக்கவில்லை: "புருசனுக்குத் தெரியாம ஒளிச்சேன், கள்ளனுக்குத் தெரியாம ஒளிச்சேன். நான்தான் நானுன்னு சர்க்காருக்குத் தெரியாமப் போவும்னு எனக்குத் தெரியலையே சாமி!"

தண்ணீருக்குள் நிலம்

முதல் பங்கு பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தபோது அணா போய் நயா பைசா வந்துவிட்டிருந்தது. கட்டினது ஒரு காசில், கிடைத்தது வேறு காசில். வருகிறவர்களுக்கு எல்லாம் அணாவைப் பைசாவாக்கிச் சொல்வதே எனக்கு வேலையாகப் போயிற்று. எப்படி மாற்றிச் சொன்னாலும் கொஞ்சமாகத்தான் இருந்தது. லிக்விடேட்டர் செலவு, வக்கீல் செலவு, கோர்ட்டுச் செலவு எல்லாம் முதலில் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சினது அது.

மாரப்பக் கவுண்டர் வந்தார். கல்லாவிக் காட்டுக்கு அவர் கொடுத்த அச்சாரம், கிரயத்துக்குப் பணம் கட்ட முடியாததால் திரும்பவில்லை. அந்தக் காட்டை இன்னொருவர் வாங்கிவிட்டார். இவரும் சம்சாரமும் இப்போது அதே காட்டில் கூலிக்கு வேலை செய்கிறார்கள். எந்த மூலையில் கிணறு வெட்டலாம் என்று முன்பே பார்த்து வைத்திருந்தாராம். புது முதலாளி கேட்டபோது அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தாராம், தண்ணீர் நன்றாக வந்ததாம். இதையெல்லாம் அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவே இல்லை. நான் தலை நிமிராமல் கைநாட்டு வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டவர் உடனே போகவில்லை. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீதி எப்போது வரும் என்றார். தெரியாது என்றேன். மீதி வருமா என்றார். அதற்கும் அதே பதில்தான். அவர் யோசித்து யோசித்துப் பேசினார்: "அணையில தண்ணி வத்துனா, கோடையில எங்க நெலம் கொஞ்சம் வெளிய தெரியுதுங்க. நான் வருசா வருசம் போய்ப் பாத்துட்டு வர்றேன். இந்தப் பணம் எந்தக் கோடையிலங்க வெளிய தெரியும்?"

நல்ல சட்டம்

ராவை அதன் பிறகு எந்தப் பாங்கும் எடுத்துக்கொள்ளவில்லை. கவிழ்ந்த பாங்கின் ஏஜெண்ட் என்றால் அம்மை வந்த வீட்டுக்காரர் மாதிரி. மூன்று பாஷை சரளமாகப் பேசுகிறவர், கடைசியில் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். என் ஜாமீன் பணம் டெப்பாசிட்டா, சம்பளப் பாக்கியா, எந்த வரிசையில் சேரும் என்று கோர்ட்டு முடிவு செய்யவே வருஷங்கள் ஆயின. அதற்குள் எனக்கு ஓசூரில் வேறொரு பாங்கில் வேலை கிடைத்துவிட்டது. அதற்கும் ஜாமீன் கட்டச் சொன்னார்கள். இந்தத் தடவை விற்க வளையல் இல்லை, மாமனார் ஆட்டுப் பட்டியை விற்றுக் கொடுத்தார்.

சில வருஷம் கழித்து, வேறு எங்கோ இன்னும் பெரிய பாங்கு ஒன்று கவிழ்ந்த பிறகு, டெப்பாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் என்று சட்டம் வந்தது. பாங்கு போனாலும் சின்னக் கணக்குக்காரர் பணம் போகாது. செய்தி வந்த பேப்பரை எடுத்துக்கொண்டு நான் மண்டிக்குப் போனேன். மாங்காய்ச் சீசன். குவியல்களுக்கு நடுவே சாக்கு ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருந்தார் ராவ். கையெல்லாம் மாம்பால் கறை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்தார். திரும்ப ஒரு தடவை படித்தார். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். பேப்பரை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நல்ல சட்டமய்யா. நம்ம மாதிரி இன்னும் நாலு பாங்கு கவிழ்ந்திருந்தா இதைவிட நல்ல சட்டமாவே போட்டிருப்பாங்க."

எங்கள் பக்கத்துக்குச் சட்டம் வரவே இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது, ஜனங்கள் எல்லாரும் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்த பிறகு காலியாக வந்து நிற்கிற கடைசி பஸ்ஸைப் போல அது வந்தது.